இரகசியமும் ஓர் அமானிதமே!

 



அமானிதம் என்று சொன்னதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகின்றது? ஹஜ்ஜுக்குப் போகிறவர் அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போகும் நகை. யத்தீமின் பெயரில் கிடக்கும் பணம். பள்ளிவாசல் உண்டியலின் சாவி. இவற்றில் ஒரு ரூபாய் குறைந்தாலும் ஊரே கூடிக் கேட்கும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அமானிதம் ஒன்று உண்டு. அதற்குச் சாட்சி கிடையாது. கணக்குப் புத்தகமும் கிடையாது. ஒருவர் தம் நெஞ்சிலுள்ள பாரத்தை நம் காதில் இறக்கி வைத்துவிட்டுப் போகின்றாரே, அந்த வார்த்தைதான் அது!

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பாரானால், அப்போதே அது அமானிதமாகிவிடுகின்றது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதி ஆகிய கிதாபுகளில் வந்துள்ளது. “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதுகூட இல்லை. அந்தப் பார்வையே போதும். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்றும் ஹதீஸ் உண்டு. ஆக, ஆலிமானாலும், வைத்தியரானாலும், மனநல ஆலோசகரானாலும், தெருவிலுள்ள ஒரு பெரியவரானாலும், ஒருவர் வந்து மனம் திறந்த கணத்திலேயே நம் தோள்மீது ஒரு சுமை ஏறிவிடுகின்றது.

நமது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இந்தச் சுமை சாதாரணமானதன்று. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தையும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சன்குளத்தில் நடந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. இறந்தோரை அடக்கி முடித்து மூன்றாம் நாள் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றது. ஆனால் தப்பிப் பிழைத்தவர்? பக்கத்து அறையிலிருந்து கூட்டாளியின் அலறலைக் கேட்டவர்? தீக்காயத்துக்குக் களிம்பு உண்டு. நெஞ்சிலே பட்ட காயத்தை அவர் எவரிடம் காட்டுவார்? உறக்கம் போய்விடும். சிறு சத்தத்துக்கும் உடல் நடுங்கும். வீட்டார் “பயந்துவிட்டான்” என்று ஓதிப்பார்க்க அழைத்து வருவார்கள். அவரோடு முதலில் உட்காருபவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர், பள்ளிவாசல் இமாம்தான். எனவே இந்தப் பாடம் முதலாவதாக எனக்கு, பிறகுதான் உங்களுக்கு.

ஒரு பிழையை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றேன். ஸனது பெற்று வெளிவந்த புதிதில் ஓர் ஊரில் இமாமத் செய்துவந்தேன். ஒரு தாய் தண்ணீர் ஓதி வாங்க வந்தார். தம் மகனைப் பற்றி மெல்லிய குரலில் சொன்னார். பையன் இரவெல்லாம் தனியே பேசுகிறான், சாமான்களை உடைக்கிறான், பெற்றவள் மீதே கை ஓங்குகிறான் என்றார். நான் துஆச் செய்து அனுப்பினேன். அடுத்த ஜும்ஆவில் பெற்றோரின் கண்ணியத்தைப் பற்றிப் பயான். பேச்சின் வேகத்தில், “நமது ஊரிலேயே ஒரு வாலிபர்…” என்று தொடங்கிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் இருநூறு வீடுள்ள முஹல்லாவில் பெயர் சொல்லவும் வேண்டுமா? தொழுகை முடிந்து வெளியே வருமுன்னரே அந்த வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தத் தாய் பிறகு என்னிடம் வரவில்லை. மகனை வைத்தியரிடமும் காட்டவில்லை. அங்கும் வெளியே தெரிந்துவிடும், மகளுக்கு வரன் வராமல் போய்விடும் என்ற அச்சம். ஓராண்டுக் காலம் அந்தப் பையன் பின்கட்டு அறையிலேயே கிடந்தான். விஷயமறிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க தப்பாச் சொல்லலை ஹஜ்ரத். நான்தான் தப்பான எடத்துல சொல்லிட்டேன்” என்றார். இன்றளவும் ஜும்ஆ மேடையில் ஏறும்போது அந்தச் சொல் என் காதில் கேட்கின்றது.

சகோதரர்களே! இதற்கு மாறாக ஸஹாபாக்களின் நாவடக்கத்தைப் பாருங்கள்! சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு காரியமாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் சிறுவர். தாயார் துருவிக் கேட்கவில்லை; ரஸூலுல்லாஹ்வின் இரகசியத்தை ஒருவரிடமும் சொல்லாதே என்று மகனுக்கு உபதேசித்தார்கள். முதுமையிலும் அனஸ் (ரலி) அதைத் தம் அருமை மாணவர் ஸாபித் அவர்களிடம்கூடச் சொல்லவில்லை.

அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியோ இன்னும் உருக்கமானது. விதவையாயிருந்த தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு உமர் (ரலி) கேட்டபோது, அவர்கள் பதிலே பேசவில்லை. உமர் (ரலி) மிகவும் மனம் வருந்தினார்கள். பின்னர் நாயகம் (ஸல்) அவர்களே ஹஃப்ஸாவை மணமுடித்த பிறகுதான், நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெண்ணைப் பற்றிப் பேசியதைத் தாம் அறிந்திருந்ததாகவும், அந்த இரகசியத்தை வெளியிட விரும்பாமல் மௌனமாயிருந்ததாகவும் அபூபக்ர் (ரலி) தெரிவித்தார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. நண்பரின் கோபத்தைச் சுமந்தார்கள், இரகசியத்தைச் சிந்தவில்லை!

அப்படியானால் எந்த நிலையிலும் வாய் திறக்கவே கூடாதா? இங்கேதான் எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது. சம்பந்தப்பட்ட சகோதரரின் சம்மதத்தோடு இதை எழுதுகின்றேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கின்றேன். யாரென்று தேட முயல வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதைத் திருமறையின் 49ஆம் சூரா 12ஆம் வசனம் தடுத்திருக்கின்றது.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு, ஜமாஅத் கலைந்தபின் ஒருவர் ஹவுளுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. ஒரு விபத்தில் உடன் வேலை செய்தவரைப் பறிகொடுத்தவர். “ஹஜ்ரத், யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்” என்றார். இரக்கத்தில் யோசிக்காமல் “வல்லாஹி” என்றுவிட்டேன். அதன் பிறகு அவர் சொன்னது என் ரத்தத்தை உறைய வைத்தது. தம் உயிரை முடித்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டார். அதுவும் வேலை செய்யும் இடத்தில், மறுநாள் காலையில். அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்க்கும் பெண்களை நினைத்தீர்களா என்று கேட்டேன். அவர் தலை நிமிரவேயில்லை.

என் வாயிலோ அல்லாஹ்வின் பெயரால் செய்த சத்தியம்! என் எதிரிலோ ஓர் உயிர். அதற்குப் பின்னால் எத்தனையோ உயிர்கள்!

அந்நேரத்தில் ஸூரத்துல் கஸஸின் 20ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. மூஸா (அலை) அவர்களைக் கொன்றுவிடப் பிரதானிகள் கூடி ஆலோசித்தபோது, பட்டணத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு மனிதர் ஓடோடி வந்து அவர்களை எச்சரித்து, வெளியேறிவிடச் சொன்னதாக அல்லாஹ் அதில் கூறுகின்றான். சபையிலே பேசப்பட்டதும் இரகசியம்தான். அதை வெளியிட்டதற்காக அம்மனிதரை அல்லாஹ் கண்டிக்கவில்லை. கியாமத் நாள்வரை ஓதப்படும் வேதத்தில் அவருக்கு இடம் கொடுத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கடைத்தெருவில் நின்று கூவவில்லை. யாருடைய உயிருக்கு ஆபத்தோ, அவரிடம் மட்டுமே ஓடினார்.

சபைகள் அமானிதம், ஆனால் அநியாயமாக ரத்தம் சிந்துதல், விபசாரம், பிறர் பொருளை அநியாயமாகப் பறித்தல் ஆகிய மூன்று தவிர என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கின்றது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி முஹத்திஸீன்கள் பேசியுள்ளார்கள் எனினும், அதன் கருத்தை ஷரீஅத்தின் பொது விதிகள் உறுதிப்படுத்துகின்றன. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது ஸூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் தரும் போதனையன்றோ! சத்தியத்தைப் பொறுத்தவரை, ஒன்றைச் சத்தியம் செய்தபின் அதைவிட மேலானது வேறொன்று என்று கண்டால், மேலானதைச் செய்துவிட்டுக் கஃப்பாரா கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கின்றார்கள்.

நான் அவரிடம், “தம்பி, மற்றதெல்லாம் என்னோடு மண்ணுக்குள் போகும். இந்த ஒன்றை மட்டும் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. சத்தியம் செய்தது என் தவறு. யாரிடம் சொல்வது என்பதை நீங்களே சொல்லுங்கள்” என்றேன். நெடுநேரம் அழுதார். பிறகு, “மச்சான்ட்ட சொல்லுங்க. அத்தா தாங்க மாட்டாக” என்றார். மச்சானை அழைத்தோம். அன்றிரவு அவரைத் தனியே விடவில்லை. காலையில் ஆலைப் போர்மேனிடம், இவருக்கு உடல்நலமில்லை, டாக்டர் சொல்லும்வரை மருந்து வேலைக்கு அனுப்பக்கூடாது என்பதை மட்டும் மச்சானே சொன்னார். பிறகு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் போனோம். ஊரில் சிலர் என்னிடம், “அவனுக்கு என்னவாம்?” என்று கேட்டார்கள். “நோய், வைத்தியம் நடக்கிறது” என்றேன். ஜமாஅத்தில் ஒருவருக்கு என்மேல் வருத்தம், இருக்கட்டும். அந்த வாரமே 10 ஏழைகளுக்கு உணவளித்துச் சத்தியத்தின் கஃப்பாராவை நிறைவேற்றினேன். அந்தச் சகோதரர் இன்று ஹயாத்தோடு, வேறொரு தொழிலில் இருக்கின்றார். அல்ஹம்து லில்லாஹ்!

டாக்டர்கள் இதை எப்படிப் பார்க்கின்றார்கள் என்றும் தெரிந்துகொள்ள விரும்பினேன். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், நோயாளியைப் பற்றி அறிந்ததை இரகசியமாகக் காப்பது வைத்தியத் துறையினரின் கடமை என்கின்றது. விதிவிலக்குகளையும் வரையறுத்திருக்கின்றது. உயிருக்கு ஆபத்து வரும்போதும், இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டியபோதும் சொல்லலாம். அந்தத் தீங்கைத் தடுப்பதற்குத் தேவையானதை மட்டுமே சொல்லலாம். நிர்ப்பந்தம் அதன் அளவைக்கொண்டே கணிக்கப்படும் என்ற ஃபிக்ஹுக் காயிதாவை மத்ரஸாவில் மனனம் செய்தவர்களுக்கு இது புதிதாகவா தோன்றும்?

1998இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது ஆஸ்பத்திரி மூலம் வெளியே தெரிந்து, அவருடைய திருமணம் நின்றுபோயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டியதே; ஆனால் மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்க அது தெரிந்தது குற்றமாகாது என்று நீதிபதிகள் கூறினார்கள். அந்த மனிதரின் பெயரைக்கூடத் தீர்ப்பில் குறிப்பிடாமல் ‘திரு. எக்ஸ்’ என்றே எழுதினார்கள். இங்கே பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். தம்மைப் பெண்கேட்ட இருவரைப் பற்றி அவர்கள் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர் என்பதையும், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கடல் கடந்த நாட்டில் நடந்த ஒன்றும் நமக்குப் படிப்பினையாகும். 1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நம் நாட்டிலிருந்து படிக்கச் சென்றிருந்த மாணவர் ஒருவர், தத்தியானா தாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைத் தம் மனநல ஆலோசகரிடம் வெளியிட்டார். ஆலோசகர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்துவிட்டு, தெளிவாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ, அவளுடைய பெற்றோரிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்துக்குள்ளானவரைக் காக்கத் தக்க முயற்சி எடுப்பது மனநல வைத்தியரின் கடமை என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூஸா நபியிடம் ஓடோடி வந்தாரே, அந்தப் பெயர் தெரியாத மனிதர், அவர் செய்ததை அங்கே செய்வார் இல்லாமல் போயிற்று!

எனவே, சகோதரர்களே, இரகசியம் கேட்கும் நிலையில் இருப்போர் நான்கு விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எல்லையை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். “நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும், ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி தேடுவேன்” என்று சொல்லுங்கள். என்னைப் போல் அவசரப்பட்டுச் சத்தியம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, வெளியே சொல்ல நேர்ந்தால் அதை முதலில் அவரிடமே சொல்லுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் செய்தால் அது துரோகமாகத் தோன்றும். அவர் கைபிடித்துச் செய்தால் அது நஸீஹத்.

மூன்றாவது, தடுக்கக்கூடியவர் யாரோ அவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஜமாஅத் மன்றத்தில் வைக்கும் விஷயமன்று இது.

நான்காவது, தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். தாம் மனைவி ஒருவரிடம் சொன்ன இரகசியம் வெளியானபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்லிச் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டதாக ஸூரத்துத் தஹ்ரீமின் 3ஆம் வசனம் கூறுகின்றது. கண்டிக்கும் இடத்திலேயே இந்தப் பண்பாடு என்றால், மற்ற இடங்களில் நாம் எவ்வளவு பேண வேண்டும்!

கடந்துபோன பாவம், கணவன் மனைவி மனஸ்தாபம், தூக்கமின்மை, மாத்திரை சாப்பிடுவது ஆகிய இவை எதுவும் வெளியே சொல்லத்தக்க காரணமாகாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பதாக முஸ்லிம் ஷரீபில் வந்திருக்கின்றது. ஆனால் இந்த ஹதீஸைக் காட்டிக் கொடுமையை மூடுவோரும் உளர்! சிறு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததென்று தெரிந்தால், “குடும்ப மானம்” என்று பேசி முடிப்பது சத்ர் அன்று. அநியாயத்துக்குத் துணை போவது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம்.

இரகசியம் காப்பது வேறு. நோயாளியையே மறைப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் வந்த விபரீதத்தை நாம் அண்டை மாவட்டத்திலேயே கண்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினர். 28 உயிர்கள் போயின. ஊருக்குத் தெரியக்கூடாதென்று வீட்டார் தூரத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் அங்கே எத்தனை பேரோ! இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் தடுத்துவிட்டது. சொன்னால் ஊர் சிரிக்கும் என்ற அச்சம் நம் முஹல்லாக்களை விட்டு நீங்கினால்தான், பின்கட்டு அறைகளின் கதவும் திறக்கும்.

அந்த அச்சத்தை நீக்குவது நம் நாவில்தான் இருக்கின்றது. நம்மிடம் சொன்னது வெளியே போகாது என்று நம்பினால்தான் ஒருவர் வாய் திறப்பார். வாய் திறந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும். அன்று ஹவுளுக் கரையில் அந்தச் சகோதரர் பேசாமலே எழுந்து போயிருந்தால்? அதை எண்ணினாலே நெஞ்சு பதறுகின்றது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வருபவரிடம் நரகத்தைப் பற்றிய பயானைத் தொடங்கிவிடாதீர்கள். அவர் நோயாளி, முதலில் கேளுங்கள், தனியே விடாதீர்கள், வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே எழுதி வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் காதுகளில் ஒப்படைக்கப்பட்டவற்றை அமானிதமாகப் பேணும் நாவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! பேச வேண்டிய இடத்தில் மௌனமாகி, மௌனமாக வேண்டிய இடத்தில் பேசிவிடும் பெரும்பிழையிலிருந்து எங்களைக் காப்பாயாக! மருந்து அறைகளில் உயிரைக் கையில் பிடித்து உழைக்கும் எங்கள் மக்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஷிஃபாவையும் ஸலாமத்தையும் நல்குவாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!